விசாலாக்ஷி அடையாளம் சொன்ன இடது கால்

விசாலாக்ஷியை அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் ஊரில் பாதிப் பேருக்குப் ‘பசுபதி வொய்ஃப்’ என்று தெரியும். மீதிப் பேருக்கு ‘குரங்கு தேடிக்கிட்டுப் போகுமே, அந்த ஆன்ட்டி’ என்று தெரியும். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள், முதுமலைக் காட்டில் கரடியின் எச்சத்தைக் கிளறிக் கிளறிப் பார்த்து எம்.ஃபில். வாங்கியவள் என்பது புருஷனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன, மோரி அவென்யூ மளிகைக் கடையில் கறிவேப்பிலை ஒரு கொத்து கூடக் கொடுத்துவிடப் போகிறார்களா?

கல்யாணமாகித் தொண்ணூற்றைந்தில் வந்தாள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவுக்கு எச்-ஃபோர் என்று பெயர். வேலை பார்க்கிற ஆளோடு ஒட்டிக்கொண்டு வந்தவர் என்று அர்த்தம். இந்த நாட்டில் இருக்கலாம், சமைக்கலாம், துணி மடிக்கலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. பசுபதி காலையில் காரை எடுத்துக்கொண்டு ஃப்ரீவேயில் ஏறி சான் ஹோசே போய்விடுவான். அப்புறம் அந்த ஒற்றை பெட்ரூம் அபார்ட்மென்ட்டில் அவளும் டி.வி.யும்தான்.

ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக் விருந்துகளில் யாராவது கேட்பார்கள். “நீங்க ஒர்க் பண்றீங்களா?”

“இல்லீங்க. எச்-ஃபோர்.”

“ஓ, அப்ப வீட்ல ரெஸ்ட்டா?”

கேட்டவர்கள் நல்ல மனசோடுதான் கேட்டார்கள். ஆனால் அந்த ‘ரெஸ்ட்’ என்கிற வார்த்தையைக் கேட்டால் விசாலாக்ஷிக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டுவாள். பசுபதி ஏன் என்று கேட்க மாட்டான், அவனுக்குத் தெரியும்.

தொண்ணூற்றேழில் ஒரு நாள் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் பார்த்தாள். காட்டு ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை, பெரிய பாலூட்டிகளில் ஆர்வம் இருந்தால் போதும் என்று போட்டிருந்தது. சம்பளம் இல்லாமல் உழைப்பதை எந்த விசாவும் தடுப்பதில்லை. போன் செய்தாள். ஒரு பீட்சாக் கடையில் கூட்டம் என்றார்கள். பசுபதி கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தான்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அது எந்தப் பாலூட்டி என்று தெரிந்தது. எட்டடி உயரம், உடம்பெல்லாம் முடி, இரண்டு காலில் நடை. பிக்ஃபுட் என்று ஊரே கேலி செய்கிற அந்த ஜீவனுக்கு ஆதாரம் தேடுகிற குழு அது. தலைவர் டெல்பர்ட், நிலம் அளக்கும் வேலையில் ரிட்டயரானவர், நெடிய மனிதர், எதையும் நிதானமாகப் பேசுவார். பக்கத்தில் லொரெய்ன் என்கிற ரிட்டயர்டு நர்ஸ். இன்னும் ஏழெட்டுப் பேர். விசாலாக்ஷிக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் டெல்பர்ட், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டுவிட்டார். காட்டில் கரடிகளை ஆராய்ந்தேன், கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன் என்றாள். டெல்பர்ட் எழுந்து நின்று, “நண்பர்களே, இன்று முதல் நம் குழுவுக்கு ஒரு விலங்கியலாளர் இருக்கிறார்” என்றார்.

அவ்வளவுதான், விழுந்துவிட்டாள். அமெரிக்காவுக்கு வந்த பிறகு அந்த வார்த்தையை அவளைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.

காரில் விஷயத்தைக் கேட்டதும் பசுபதி ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “ஏன் விசாலா, அங்க கரடிதான் இருக்கும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியுமுங்க. அதைச் சொல்றதுக்குத்தான் அவங்களுக்கு ஒரு ஆள் வேணும்.”

விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் நடந்ததும் அதேதான். மாதத்துக்கு ஒரு தடவை வடக்கே டிரினிட்டி மலைக்காட்டுக்குப் போவார்கள். மரப்பட்டையில் சிக்கிய முடி, எச்சம், காலடித் தடத்துக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சு எல்லாம் அவள் முன்னால் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அதில் ‘இனம்’ என்று ஒரு கட்டம், ‘ஆய்ந்தவர்’ என்று ஒரு கட்டம். அவள் பூதக்கண்ணாடியில் பார்ப்பாள், கரடி என்று எழுதுவாள், சுருக்கமாக இரண்டெழுத்துக் கையெழுத்துப் போடுவாள். கரடி முன்காலை எடுத்த இடத்திலேயே பின்காலை வைக்கும், இரண்டு தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நீளமான மனுஷக் கால் மாதிரி தெரியும் என்று அவர்களுக்குப் படம் வரைந்து விளக்கினாள்.

இப்படி எல்லாவற்றையும் கழித்துக்கட்டினால் கோபம் வராதா என்று கேட்கலாம். வரவில்லை. டெல்பர்ட்டுக்கு ரொம்பத் திருப்தி. கண்டதையெல்லாம் நம்புகிற கூட்டம் நாங்கள் இல்லை, எங்களிடம் ஆள் இருக்கிறது என்று வெளியாட்களிடம் அவளைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். நூறு தடம் கரடி என்று ஒத்துக்கொண்டால்தானே நூற்றோராவது தடத்தை உலகம் நம்பும்? குழுவின் செய்தி மடலில் அவள் பெயர் ‘விலங்கியலாளர்’ என்று அச்சில் வந்தது. ஒரு பிரதியைக் கோபிச்செட்டிபாளையத்துக்கு அப்பாவுக்கு அனுப்பினாள். என்ன தேடுகிறார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதவில்லை.

அவளுக்கு லைசென்ஸ் இல்லை. பசுபதிதான் வாரக்கடைசித் தூக்கத்தைத் தியாகம் செய்து அத்தனை தூரமும் ஓட்டிக்கொண்டு போவான். குழுவில் சேரவில்லை. குழு தங்குகிற கேபினில் உட்கார்ந்து ஆபீஸ் வேலையைப் பார்ப்பான், இல்லாவிட்டால் ஓடையில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேலி செய்வதைக் கூடக் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டான். திரும்பி வரும்போது பெண்டாட்டி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவது அவனுக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூற்றெட்டு கார்த்திகையில் பசுபதி ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டான். லிவர்மோர் கோயிலில் போட்டுக்கொண்டான், ஜனவரியில் லீவு போட்டு ஊருக்குப் போய் மலையேறுவதாக ஏற்பாடு. எதற்கு வேண்டுதல் என்றால், கிரீன் கார்டு பேப்பர் அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும். நகர்ந்தால் விசாலாவுக்கு ஒர்க் பெர்மிட் வந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வக்கீலால் முடியாததை ஐயப்பனிடம் ஒப்படைத்தான். கறுப்பு வேட்டி, தாடி, விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், ஒருவேளைச் சாப்பாடு. ஆபீஸில் மட்டும் ஷூ, மற்ற நேரமெல்லாம் வெறுங்கால் என்று சாமியோடு ஓர் ஒப்பந்தம். மாலை போட்டுவிட்டால் பெண்டாட்டியே ஆனாலும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். விசாலாக்ஷி அப்படியே கூப்பிட்டாள். குழுவில் எல்லோரும் அவன் பெயரே அதுதான் போல என்று நினைத்துக்கொண்டு, போகிறபோதும் வருகிறபோதும் ‘ஹாய் சாமி’ என்றார்கள்.

தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு எல்லோருமாக டிரினிட்டிக்குப் போனார்கள். நவம்பர் கடைசி, எலும்பைத் தொடுகிற குளிர். வேட்டிக்குள் ஸ்வெட்பேன்ட் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிய பசுபதியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதம் சம்பந்தப்பட்டது என்று விசாலாக்ஷி முன்பே சொல்லியிருந்தாள். அடுத்தவன் மதத்தை முறைத்துப் பார்ப்பது அநாகரிகம் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். மரியாதைக்காகவே ஒருத்தரும் அவன் காலைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகலில் லொரெய்ன் ஓடைப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். வந்த வழியைக் கையை நீட்டிக் காட்டினார். எல்லோரும் ஓடினார்கள். கரையில் ஈரக் களிமண்ணில் ஒரு தடம். கிட்டத்தட்ட ஒரு முழ நீளம். குதிகால் தெரிகிறது, ஐந்து விரல் தெரிகிறது, நகம் பதியவில்லை. அதற்கு மேலே ஒரே சருகும் கல்லும், வேறு தடமில்லை. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

பொய் சொல்வானேன், விசாலாக்ஷிக்கும் ஆசை தட்டியது. கரடிக் கால் இது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒருவேளை, ஒருவேளை இருந்துவிட்டால் என்று மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. அளவெடுத்தாள், பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினாள், இறுகும்வரை பக்கத்திலேயே குத்தவைத்துக் காத்திருந்தாள். பெயர்த்தெடுத்து, ஓடைத் தண்ணீரில் மண்ணைக் கழுவினாள். அப்போதுதான் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

இடது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பாலிடெக்னிக் படிக்கும்போது மொபெட்டோடு விழுந்து நசுங்கிய விரல் அது. குளித்துவிட்டுத் துவட்டாமல் அபார்ட்மென்ட் கார்ப்பெட்மேல் நடந்து வருகிறவனுடைய கால். இந்தத் தடத்துக்காகத்தான் தினம் காலையில் வீட்டில் சண்டை. உலகத்தில் எந்தக் காலை மறந்தாலும் இந்தக் காலை அவளால் மறக்க முடியாது.

கேபினில் பசுபதி அடுப்பில் அரிசியும் பருப்பும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“சாமி, காலையில எங்க குளிச்சீங்க?”

“ஓடையிலதான். ஒரு பக்கெட் தண்ணியும் மொண்டுக்கிட்டு வந்தேன். கரையில வழுக்கிவிட்டுருச்சு, இடுப்பு உடைஞ்சிருக்கும். ஏன்?”

சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

“டெல்பர்ட்கிட்டச் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்லை.”

அடுப்பைக் குறைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். “சொல்லாத விடு, விசாலா. நான் அந்தப் பக்கமே போகலைன்னு சொல்லிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“மாலை போட்டிருக்கீங்க. பொய் சொல்றேங்கறீங்களா?”

“அதை நான் ஐயப்பன்கிட்டப் பேசிக்கறேன். உனக்குன்னு இந்த ஊர்ல இருக்கறது இது ஒண்ணுதான். என் காலாலயா அது போகணும்?”

இவன் மேல் இவ்வளவு பிரியம் இருக்கிறதென்று விசாலாக்ஷிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடவே கோபமும் வந்தது. அவளுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று செருப்பைக் கழற்றினவன், அந்தக் காலாலேயே இருக்கிற வேலைக்கும் வேட்டு வைத்துவிட்டு, இப்போது விரதத்தையும் விட்டுத்தருகிறேன் என்கிறான். இந்த மனுஷனை என்ன செய்வது?

“அடுப்பை அணைச்சிட்டு வாங்க. பக்கெட்டையும் எடுத்துக்குங்க” என்றாள்.

ஓடைக்கரையில் அவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். விசாலாக்ஷி நடுவில் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. லொரெய்ன் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவள் பசுபதியைத் தண்ணீரில் இறக்கினாள். பக்கெட்டை நிரப்பிக்கொண்டு காலையில் ஏறின மாதிரியே ஏறச் சொன்னாள். அவன் இடது காலைக் களிமண்ணில் ஊன்றினான். பாரம் தாங்காமல் கால் பின்னால் சறுக்கியது, விழாமல் இருக்க அதே காலை அழுத்தி மறுபடியும் ஊன்றினான். அவன் காலை எடுத்தபோது பழைய தடத்துக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று இருந்தது. அதே நீளம், அதே சுண்டுவிரல். கரடிக்கு அவள் வரைந்து காட்டின படம்தான், கரடி மட்டும் இல்லை.

டெல்பர்ட் குனிந்து இரண்டு தடத்தையும் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. ஒரு மனிதக் கால் இப்படி ஒரு தடத்தை உண்டாக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது, அதற்கு நன்றி என்றார். ஆனால் காலையில் பதிந்தது இந்த மனிதரின் கால்தான் என்று அதனால் ஆகிவிடாது என்றார். எத்தனை வருஷமாகக் காத்திருந்தவர், பாவம். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

பிறகு அந்த ஊர் வழக்கப்படி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஓட்டெடுத்தார்கள். இது சாமியின் கால் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் டெல்பர்ட். விசாலாக்ஷி கை தூக்கினாள். லொரெய்ன் பாதி தூக்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். பசுபதிக்கு ஓட்டில்லை. அவன் மெம்பர் இல்லையே, கால் மட்டும்தானே அவனுடையது?

“என்ன விசாலா, என் கால் இல்லைன்னு தீர்மானம் போட்டுட்டாங்களா?” என்று கேட்டான் தமிழில்.

டெல்பர்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, குரலில் வாத்சல்யம்தான் இருந்தது. அட்டையை அவள் முன்னால் வைத்தார். ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று எழுதினால் போதும், அது பொய் ஆகாது என்றார். அடுத்த மாதம் டி.வி. ஆட்கள் வரப்போகிறார்கள், குழுவின் விலங்கியலாளர் என்ற முறையில் அவள்தான் பேசவேண்டும் என்றார். “நீ இல்லாமல் இந்தக் குழு இல்லை” என்றும் சொன்னார்.

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டி.வி.யில் தன் பெயருக்குக் கீழே அந்த ஒரு வார்த்தை ஓடுவதை நினைத்துப் பார்த்தாள். பாட்லக்கில் ‘ரெஸ்ட்டா’ என்று கேட்டவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். ஆசையாகத்தான் இருந்தது. அற்ப ஆசை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று அவளே எத்தனையோ அரைகுறை முடிக்கு எழுதியிருக்கிறாள். ஆனால் அதெல்லாம் நிஜமாகவே தீர்மானிக்க முடியாதவை.

இனம் என்ற கட்டத்தில் மனிதன் என்பதற்கான லத்தீன் பெயரை எழுதினாள். ஆண், இடது கால், சறுக்கி இருமுறை பதிந்தது என்று எழுதினாள். ‘என் கணவர்’ என்றும் சேர்த்தாள். ஆய்ந்தவர் என்ற கட்டத்தில் வழக்கமான இரண்டெழுத்தைப் போடவில்லை. முழுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் எம்.எஸ்ஸி., எம்.ஃபில். என்று தெளிவாகப் போட்டாள்.

டெல்பர்ட் படித்தார். அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறு யாரிடமாவது இரண்டாவது கருத்து கேட்கவேண்டியிருக்கும் என்றார். இத்தனை நாள் செய்த உதவிக்கு மிகவும் நன்றி என்று கை குலுக்கினார். மற்றவர்களும் வரிசையாக வந்து நன்றி சொன்னார்கள். லொரெய்ன் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் எந்தத் தேதி என்று ஒருவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டார்கள். மலைப்பாதை முடிந்து ஃப்ரீவேயில் ஏறும்வரை பசுபதி வெறுங்காலால் பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டிக்கொண்டு வந்தான். விசாலாக்ஷி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

“என்னாலதான் எல்லாம்” என்றான். “உன் வேலை போச்சு.”

“இல்லைங்க சாமி” என்றாள் அவள். “இந்த ஊருக்கு வந்து இன்னிக்குத்தான் நான் வேலை பார்த்தேன்.”